பழைய அறைத் தோழன் திருட்டுப் பழி சுமத்தினால்: ஓசூருக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, பாப்பிரெட்டிப்பட்டி என்று பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் ஓசூருக்கு வேலைக்கு வருகிறார்கள். வந்ததும் முதலில் தேடுவது அறை. ஒருவர் பெயரில் வாடகை, நான்கு பேர் தலையில் செலவு, பூட்டில்லாத ஓர் அலமாரி. முதல் ஷிப்டுக்குப் போகிறவன் எழும்போது இரவு ஷிப்டு முடித்தவன் வந்து அதே பாயில் படுப்பான். இப்படி வாழ்கிற இடத்தில் ஒரு பொருள் காணாமல் போனால் சந்தேகம் முதலில் யார் மேல் விழும்? அறையை விட்டுப் போனவன் மேல்தான். அவன் திரும்பி வந்து மறுத்துப் பேச அங்கே இல்லை.

எனக்கு அது நடந்தது. பாகலூர் சாலைப் பக்கம் இருந்த அறையைக் காலி செய்து, இராயக்கோட்டை சாலைப் பக்கம் குடிபோன பன்னிரண்டாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய அறைத் தோழனிடமிருந்து போன் வந்தது. ஒன்றரைப் பவுன் சங்கிலியும் பதினான்காயிரம் ரூபாயும் காணவில்லையாம், எடுத்தது நான்தானாம். அன்று மாலைக்குள் நான் இரண்டு தவறுகள் செய்தேன். நேரில் பேசினால் தீர்ந்துவிடும் என்று உடனே கிளம்பி அந்த அறைக்குப் போனேன். பேச்சு சத்தமாகி, பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அண்ணனாக இருந்த ஒருவர், "பாதிப் பணத்தைக் கொடுத்துவிடு தம்பி, இத்தோடு முடித்துக்கொள்ளலாம்" என்றார். அங்கிருந்து தப்பித்தால் போதும் என்று "பார்க்கலாம் அண்ணா" என்றேன். ஒரு வாரம் கழித்துக் காவல் நிலையத்தில் புகார் மனுவைப் படித்துக் காட்டினார்கள். நான் போனது "வீட்டுக்கு வந்து மிரட்டினார்" என்றும், நான் சொன்ன "பார்க்கலாம்" என்பது "பணத்தைத் தருவதாக ஒப்புக்கொண்டார்" என்றும் அதில் இருந்தன.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நாம் எடுக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது தெரிய வேண்டுமென்றால் தேதியும் நேரமும் காகிதமும் வேண்டும். அவற்றைச் சேர்க்க முதல் சில நாட்கள்தான் கையில் இருக்கும்.

முதல் இரவு: நோட்டை எடுங்கள்

யாரிடமும் பேசுவதற்கு முன்னால் ஒரு நோட்டில் எழுதுங்கள். அறைக்குக் குடிபோன நாள், காலி செய்த நாள், அன்று உடன் இருந்தவர்கள், சாவியை யாரிடம் கொடுத்தீர்கள், அட்வான்ஸில் உங்கள் பங்கு எவ்வளவு, அதில் எவ்வளவு திரும்ப வந்தது, அவனுக்கும் உங்களுக்கும் வேறு கொடுக்கல் வாங்கல் இருந்ததா என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பொருள் எந்த நாளில் காணாமல் போனதாக அவன் சொல்கிறான் என்பதைத் தனியாகக் குறித்துவையுங்கள். முக்கியமான வரி அதுதான். அந்த நாளில் காலை முதல் இரவு வரை நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதை மணிக்கணக்கில் எழுதுங்கள். நினைவில் இல்லாத இடத்தை வெற்றிடமாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். பிறகு ஓர் ஊகம் தவறாகிவிட்டால் மற்ற உண்மைகளும் அதோடு சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

நோட்டுப் பக்கத்தைப் புகைப்படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். எழுதிய தேதி அதில் பதிவாகிவிடும்.

ஒரே ஒரு பதில்

அவனுக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு பதில் அனுப்புங்கள், ஒன்று போதும். இப்படி இருக்கலாம்: "நீங்கள் சொல்லும் சங்கிலியையும் பணத்தையும் நான் எடுக்கவில்லை. இந்தத் தேதியில் அறையைக் காலி செய்து, இன்னாரிடம் சாவியை ஒப்படைத்தேன். காணவில்லை என்றால் முறைப்படி புகார் கொடுங்கள், விசாரணைக்கு நான் வருகிறேன்." இதற்கு மேல் வசை வேண்டாம், சத்தியம் வேண்டாம், அவன் குடும்பத்தைப் பற்றிய பேச்சு வேண்டாம். அவன் பத்துக் குரல் பதிவு அனுப்பினாலும் கேட்டுவிட்டுப் பத்திரப்படுத்துங்கள், திருப்பிப் பேசாதீர்கள். எண்ணை பிளாக் செய்தாலும் பழைய உரையாடலை அழிக்காதீர்கள். கோபத்தில் போனை ரீசெட் செய்கிறவர்கள் தங்கள் சாட்சியத்தைத் தாங்களே அழிக்கிறார்கள்.

அறையின் வாட்ஸ்ஆப் குழுவில் உங்களைத் திருடன் என்று எழுதியிருந்தால், அந்தத் திரையை நாளும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். குழுவை விட்டு வெளியேறுவதை நான்கு நாள் தள்ளிப் போடுங்கள். அங்கே என்ன எழுதப்படுகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அவன் பொருள் உண்மையிலேயே உங்களிடம் இருந்தால்

இதைக் கூச்சப்படாமல் சொல்லியாக வேண்டும். காலி செய்யும் அவசரத்தில் சார்ஜரோ ஹெல்மெட்டோ பையில் சேர்ந்து வந்துவிடுவது சாதாரணமாக நடப்பது. தெரிந்த அன்றே எழுத்தில் சொல்லி, ஒரு சாட்சியோடு திருப்பிக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் "அட்வான்ஸ் தராமல் ஏமாற்றினான், அதற்கு ஈடாக மிக்ஸியை எடுத்து வந்தேன்" என்று யாராவது சொன்னால், அவர் நிலை வேறு. கடனுக்கு ஈடாக அடுத்தவர் பொருளை அவர் சம்மதம் இல்லாமல் எடுத்து வைத்துக்கொள்வதைச் சட்டம் திருட்டாகவே பார்க்கக்கூடும். மிக்ஸியைத் திருப்பிக் கொடுங்கள். அட்வான்ஸை வேறு வழியில் கேளுங்கள்.

பணம் கொடுத்து முடிக்காதீர்கள்

சமாதானம் பேச வருகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். அறையில் மூத்தவர், வீட்டு உரிமையாளர், ஊர்க்காரர் என்று அக்கறையோடும் வருவார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டுதான்: கொஞ்சம் பணம், ஒரு மன்னிப்புக் கடிதம். இரண்டையும் மறுத்துவிடுங்கள். எடுக்காத பொருளுக்கு ஐந்தாயிரம் கொடுத்தாலும் அது எடுத்ததற்கான அடையாளமாகவே ஊரில் நிற்கும். கூகுள் பேயில் அனுப்பினால் அந்த வரவு அவன் கையில் ஆதாரமாகவும் இருக்கும். "மனக்கசப்புக்கு வருந்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால்கூட, "வருந்துகிறேன்" என்ற சொல் மட்டும்தான் பிறகு படிக்கப்படும். பெரியவர்களிடம் மரியாதையோடு, "அண்ணா, நான் எடுக்கவில்லை, போலீஸ் விசாரிக்கட்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பையைத் திறந்து காட்டச் சொன்னால்? உங்கள் பையைச் சோதிக்கத் தனி ஆளுக்கு உரிமை இல்லை. நீங்களாக விரும்பிக் காட்டினாலும் பொதுவான இரண்டு பேர் முன்னிலையில், பை உங்கள் கையிலேயே இருக்க, வீடியோ எடுத்துக் காட்டுங்கள். பெண்கள் விடுதியில் இருக்கும் தங்கைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் ஷிப்டில் இருக்கும்போது உங்கள் பெட்டியைத் திறந்தார்கள் என்றால், அதை அன்றே விடுதிப் பொறுப்பாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நீங்களே முதலில் சொல்லுங்கள்

ஓசூரில் மதியம் பேசியது இரவுக்குள் பென்னாகரத்தில் இருக்கும். என் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது, பால் ஊற்ற வந்த ஒருவர் கேட்டதால். அந்த ஒரு நாளை இன்றும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அவமானமாக இருக்கும், நாக்கு எழாது, ஆனாலும் முதல் நாளே அழைத்து, "அம்மா, இப்படி ஒரு பழி சொல்கிறார்கள், நான் எடுக்கவில்லை, சட்டப்படி பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

கம்பெனிக்கும் அப்படியே. அறையில் நடந்தது தொழிற்சாலைக்குள் நடந்த திருட்டு அல்ல. ஆனால் அவனே எச்.ஆருக்குப் போன் செய்துவிட்டால், ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது வேலைக்கே ஆபத்து. சூப்பர்வைசரிடம் நேரில் சொல்லுங்கள், பிறகு ஒப்பந்ததாரருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். விசாரணைக்குப் போக அனுமதி வேண்டியிருக்கும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

அழிவதற்கு முன் சேர்க்க வேண்டியவை

சிசிடிவி பதிவுகள் பல இடங்களில் சில நாட்களிலேயே மேலெழுதப்பட்டுவிடும். எனவே காலி செய்த நாளில் நீங்கள் பையோடு இறங்கிய தெருவில் கேமரா உள்ள மளிகைக் கடை, பேக்கரி, ஏ.டி.எம். எது என்று பார்த்து, பதிவை வைத்திருக்கும்படி கடைக்காரரிடம் உடனே கேளுங்கள். அவர் தர மறுத்தால், எந்தக் கேமரா, எந்த நேரம் என்று குறித்து, அதைக் கைப்பற்றும்படி காவல் ஆய்வாளருக்கு மனு கொடுங்கள்.

வருகைப் பதிவு இன்னும் முக்கியம். விரல் ரேகையோ அட்டையோ வைத்த நேரம் கம்பெனிக் கணினியில் இருக்கும். அந்த மாதத்து வருகைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். என்னைக் காப்பாற்றியது அதுதான். சங்கிலி காணாமல் போனதாக அவன் சொன்ன நாளில் நான் இரண்டு ஷிப்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தேன்.

பஸ் டிக்கெட் இருந்தால் இன்றே புகைப்படம் எடுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். காரில் ஊருக்குப் போயிருந்தால் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைக் கடந்த நேரம் ஃபாஸ்டேக் கணக்கில் இருக்கும். டீக்கடையில் பத்து ரூபாய் அனுப்பியதுகூட யூபிஐ பட்டியலில் நேரத்தோடு நிற்கும். வங்கிக் கணக்கின் மூன்று மாத அறிக்கையை எடுத்துவையுங்கள். திடீர்ப் பணம் எதுவும் உங்களிடம் வரவில்லை என்பதை அது காட்டும். வாட்ஸ்ஆப் உரையாடலை ஏற்றுமதி செய்து வைத்தாலும் மூலப் போனைப் பத்திரமாக வைத்திருங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்று வேண்டும். அந்த வேலையை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார், போன் மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும்.

நிலையத்திலிருந்து போன் வந்தால்

முதலில் பதறாதீர்கள், அடுத்து ஓடி ஒளியாதீர்கள். அழைத்தவர் பெயர், பதவி, எந்த நிலையம், புகாருக்கு சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான நிலையப் பதிவு) எண் போட்டிருக்கிறார்களா, முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிட்டதா என்று பணிவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் புகார் கொடுத்தவுடன் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதுதான் முதலில் தருவார்கள். இரு தரப்பையும் கூப்பிட்டு மனு விசாரணை நடக்கும். இந்தக் கட்டத்தில் நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் அல்லர், எதிர்மனுதாரர் மட்டுமே. பல பழிகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. அதனால் இந்த நாளுக்கு நன்றாகத் தயாராகுங்கள்.

ஷிப்டு முடிந்து வர முடியும் நேரத்தைச் சொல்லி, அதைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள். தனியாகப் போகாதீர்கள். வழக்கறிஞர் வர முடியாவிட்டால் வயதில் மூத்த, நிதானமான ஒருவரை அழைத்துப் போங்கள். சத்தம் போடுகிற நண்பன் வேண்டாம். சாட்சியாக விசாரிக்கப் பெண்களை நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது, அவர்கள் தங்கியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 179-ஆம் பிரிவு.

ஒரு விளக்க மனுவை எழுதி எடுத்துச் செல்லுங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற வழக்கமான வடிவில் இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். முதல் பத்தியில் "நான் எடுக்கவில்லை." இரண்டாவதில் தேதிகள். மூன்றாவதில் இணைத்துள்ள ஆதாரங்களின் பட்டியல். கடைசியில், புகார்தாரர் பொருளை வாங்கிய ரசீதையும், அது அறையில் இருந்ததற்கான சான்றையும், காலி செய்த பிறகு அறைச் சாவி யார் யாரிடம் இருந்தது என்பதையும் விசாரிக்கும்படி ஒரு வேண்டுகோள். நகலில் நிலைய முத்திரை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அதே மனுவை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நகல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் போகட்டும்.

எனக்கு அந்த நாள் இப்படிப் போனது. மரப்பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் எதிர் பெஞ்சில் இருந்தான். உதவி ஆய்வாளர் இருவரையும் கூப்பிட்டு, சங்கிலியைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று அவனைக் கேட்டார். அவன் ஒரு தேதி சொன்னான். அது நான் காலி செய்து மூன்று நாள் கழித்து வரும் தேதி. அவர் என் நோட்டைத் திருப்பிப் பார்த்தார், வீட்டு உரிமையாளர் கையில் சாவியோடு நிற்கும் படத்தைப் பார்த்தார், பிறகு மறுபடியும் அவனிடம் தேதியைக் கேட்டார். இரண்டாம் முறை அவன் வேறு தேதி சொன்னான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அந்த இரண்டு தேதிகளும் எங்கள் சத்தத்தில் காணாமல் போயிருக்கும்.

எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மனு விசாரணையில் எழுதி வாங்குவது வழக்கம். வரிக்கு வரி படித்து, தவறு இருந்தால் திருத்தச் சொல்லி, வெற்றிடம் இருந்தால் கோடு போட்டு, தேதியோடு கையெழுத்திடுங்கள். வழக்குப் பதிவான பிறகு புலனாய்வில் போலீஸ் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டியதே இல்லை. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்கிறது சாட்சிய அதினியம் 23-ஆம் பிரிவு. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்துப் பொருள் கைப்பற்றப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். பயத்தில் "எடுத்தேன், விற்றுவிட்டேன்" என்று எதையாவது சொல்லி வெளியே வரலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதல் தகவல் அறிக்கை பதிவானால்

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. திருட்டு 303-ஆம் பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. குடியிருக்கும் வீட்டில் திருட்டு 305-ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை. அறைச் சண்டைகளில் 305 போட வாய்ப்பு அதிகம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத பிரிவு அது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த சாதாரணத் திருட்டு என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது. எனவே அறிக்கையில் எந்தப் பிரிவு, பொருளின் மதிப்பு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது, தேவை என்ன என்பதை எழுத்தில் பதிய வேண்டும். 2014-ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் தீர்ப்பு இதைத்தான் சொன்னது. வழக்கமாக நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்கீழ் ஆஜராகும்படி அறிவிப்பு வரும். அதை வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது முறைப்படி கையில் சேர்ப்பித்ததாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் கூறியது. ஆனாலும் அதைக் காரணம் காட்டிப் போகாமல் இருந்துவிடாதீர்கள். வழக்கறிஞர் மூலம் எழுத்தில் பதில் கொடுத்து, சொன்ன நாளில் ஆஜராகுங்கள். அறிவிப்பை மதித்து நடப்பவரைக் கைது செய்யத் தனிக் காரணம் பதிய வேண்டும். மதிக்காதவருக்கு அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

கைது வரும் என்று தோன்றினால் அதே சன்ஹிதாவின் 482-ஆம் பிரிவின்கீழ் முன்ஜாமீன் கேட்கலாம். அமர்வு நீதிமன்றம் அல்லது சென்னை உயர் நீதிமன்றம். கைதே செய்துவிட்டால், காரணத்தைச் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லும் உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் முன்னால் நிற்கும்போது அடித்தார்களா என்று கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால்

இதைப் பலரும் அறிந்திருக்கவில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவின்படி தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் உண்டு. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். கம்பெனி அடையாள அட்டை, ஆதார், புகார் நகல் எடுத்துச் செல்லுங்கள். நிலையத்துக்குப் போவதற்கு முன்னாலேயே போங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் புகார் கொடுத்தால்

ஓசூருக்கே உரிய சிக்கல் இது. ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அறைத் தோழன் அத்திப்பள்ளிக்கோ பெங்களூருக்கோ மாறிப்போய் அங்கே புகார் கொடுக்கலாம். எந்த எல்லையில் நடந்த குற்றத்துக்கும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்க இப்போதைய சட்டம் இடம் தருகிறது. பூஜ்ய எண்ணில் (ஜீரோ எஃப்.ஐ.ஆர்.) பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்றுவார்கள். அங்கிருந்து அழைப்பு வந்தால், அறை இருந்தது ஓசூரில் என்பதை வாடகை ஒப்பந்தத்தோடு எழுத்தில் தெரிவியுங்கள். கன்னடத்தில் எழுதியதைப் படிக்கத் தெரியாவிட்டால் கையெழுத்திடாதீர்கள், மொழிபெயர்த்துச் சொல்லக் கேளுங்கள்.

முடிந்த பிறகு

மனு முடிக்கப்பட்டால் முடிவறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் பாஸ்போர்ட்டுக்கோ வேலைக்கான காவல் சரிபார்ப்புக்கோ அது உதவும். எழுத்தில் கேட்டும் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள்.

அவன் மேல் வழக்குப் போட வேண்டுமா என்று கேட்பீர்கள். பொய் என்று தெரிந்தே போலீஸில் புகார் கொடுப்பது நியாய சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவிலும், கெடுக்கும் நோக்கத்தோடு பொய்க் குற்றம் சாட்டுவது 248-ஆம் பிரிவிலும் குற்றம். அவதூறு 356-ஆம் பிரிவு, மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகக் கொடுக்க வேண்டும், மூன்று ஆண்டு கால வரம்பு உண்டு. என் கருத்து இது: அவன் தவறாக நினைத்துச் சொன்னானா, தெரிந்தே சொன்னானா என்பதைப் பிரித்துப் பாருங்கள். தவறாக நினைத்திருந்தால், குழுவில் திருடன் என்று எழுதியதை அதே குழுவில் மறுத்து எழுதச் சொல்லுங்கள், அது போதும். தெரிந்தே உங்கள் வேலையைக் கெடுத்தவனை விடாதீர்கள். நான் மறுப்பு மட்டும் கேட்டேன். மூன்று வரி எழுதினான். அந்தத் திரையை அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன், பால் ஊற்ற வருகிறவருக்கும் படித்துக் காட்டச் சொன்னேன்.

அடுத்த அறைக்குப் போகும்போது வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள், அலமாரிக்குச் சொந்தப் பூட்டு வாங்குங்கள். காலி செய்யும் நாளில் பைகளைத் திறந்து வைத்து, அறையில் இருப்பவர்கள் முன்னிலையில் வீடியோ எடுங்கள். சாவியை உரிமையாளர் கையில் கொடுத்துப் படம் எடுத்து, "இன்று காலி செய்தேன், என்னிடம் யாருடைய பொருளும் இல்லை, அட்வான்ஸ் பாக்கி இவ்வளவு" என்று குழுவில் எழுதி, நான்கு பேரிடமும் "சரி" என்ற பதிலை வாங்கிய பிறகு ஆட்டோ ஏறுங்கள்.